ஒளிவினையூக்கியா, ஒளியூக்கியா?

மொழிபெயர்ப்பாளர்: வணக்கம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கான கழிவுநீர்க் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு போல, ஒளி பட்டால் மட்டும் வேதிவினையை விரைவாக்கும் 'ஃபோட்டோகேட்டலிஸ்ட்'டுக்கு 'ஒளிவினையூக்கி' போதுமா?

தமிழாசிரியர்: எங்கே பிரிப்பது ஐயா? ஒளிவினை + ஊக்கி என்றால் ஒளிவினையை ஊக்குவது. ஒளி + வினையூக்கி என்றால் ஒளியால் தூண்டப்படும் வினையூக்கி. உருபும் பயனும் உடன்தொக்க தொகை. போதாக்குறைக்கு, 'ஒளிவினை'யை மறைவான செயல் என்றும் படிக்கலாம். 'ஒளியூக்கி' என்றால் வம்பில்லை.

வேதியியல் ஆசிரியை: அதை ஒளியை ஊக்குவது என்றுதான் மாணவர்கள் எழுதுவார்கள். நடப்பது நேர்மாறு. புறஊதாக் கதிர் பட்டதும் எலக்ட்ரான் ஒன்று மேல்மட்டத்துக்குத் தாவுகிறது. அது விட்டுப்போன துளை, நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை, அதாவது மிக வேகமாக வினைபுரியும் துகளை, உண்டாக்குகிறது. அதுதான் சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பை (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பை) அறுக்கிறது, நிறம் போகிறது. ஊக்கி தீர்ந்துபோவதில்லை. 'வினையூக்கி' பாடநூலில் வேரூன்றிய சொல். அதில் கைவைக்காதீர்கள்.

தமிழாசிரியர்: தீர்ந்துபோவதில்லை என்றீர்களே, அம்மா! 'முதலிழக்கும் செய்வினை ஊக்கார்' என்கிறது குறள் 463. வினையும் ஊக்குதலும் அங்கேயே கைகோத்து நிற்கின்றன. முதலை இழக்காமல் வினையை ஊக்குவதற்கு இதைவிட நல்ல இலக்கணம் ஏது? 'வினை' இருக்கட்டும். ஆனால் 'ஒளிதூண்டு வினையூக்கி' என்று விரித்து எழுதுங்கள்.

வேதியியல் ஆசிரியை: 'ஒளிதூண்டு' என்பதும் ஒளியைத் தூண்டுவதாகாதா?

பட்டறை மேலாளர்: பட்டறையில் நாங்கள் கேட்டலிஸ்ட் என்றே சொல்கிறோம். ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் தமிழாகிவிட்ட ஊர் இது. எந்தச் சொல்லைப் போட்டாலும் முதல் பக்கத்தில் 'கேட்டலிஸ்ட்' என்பதையும் சேர்த்துவிடுங்கள். அதைவிட முக்கியம், இது நிறத்தைத்தான் அழிக்கும், கரைந்த உப்பைத் தொடாது என்று தடித்த எழுத்தில் போடுவது. நொய்யல் ஆற்றுப் பாசன நிலங்களைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீர் துளியும் வெளியேறக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாததால். தெளிந்த நீரைப் பார்த்து, சுத்தமாகிவிட்டது என்று யாரும் ஆற்றில் திறந்துவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்: உப்பு பற்றிய வரியை இன்றே சேர்க்கிறேன். 'வினையூக்கி' பாடநூலில் வேரூன்றிய சொல் என்பதால் 'ஒளிவினையூக்கி'. சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் 'ஒளியால் செயல்படும் வினையூக்கி' என்று விளக்கம்.

தமிழாசிரியர்: அந்த விளக்கமே சொல்லாக இருந்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பின்போது மறுபடியும் கேட்பேன்.