ஸ்டாக் (கம்பெனில வந்த மாதிரியே) ஆக்கிட்டேன்னு சொன்ன கார வாங்கி நான் பட்ட பாடு, உங்க கதையும் போடுங்க

நமக்கு ஊரு காரைக்குடி. முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடையில தூண தட்டிப் பாத்து, அடியில சொரண்டிப் பாத்து, இது பர்மா தேக்கா இல்ல பாலிஷ் போட்ட வேற மரமான்னு சொல்லிடுவாரு எங்க அப்பச்சி. அவருக்குப் பொறந்த நான் ஏழு லட்சம் குடுத்து வாங்குன காரோட பானெட்ட ஒரு தடவ தொட்டுக்கூட பாக்கல.

2022ல கோயம்புத்தூர்ல ஒருத்தர்ட்ட வாங்குனது, டர்போ (காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற விசிறி) வச்ச பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பேரு வேணாம், தப்பு அவங்க மேல இல்ல. "ஸ்டேஜ் 1 போட்டிருந்தேன், இப்ப எல்லாத்தையும் கழட்டி ஸ்டாக் ஆக்கிட்டேன்"ன்னாரு. ஸ்டேஜ் 1ன்னா பவர் ஏத்தறதுக்குப் பண்ற மொத கட்ட மாத்தம். நாங்க போறப்பவே வண்டி ஸ்டார்ட்ல நின்னுச்சு, ஏசி போட்டு குளுகுளுன்னு வச்சிருந்தாரு, என்ன ஒரு பாசமான மனுசன்னு நெனச்சேன். இன்ஜின் சூடாயிட்டா மொத ஸ்டார்ட்ல வர்ற புகையும் சத்தமும் பாதி அடங்கிரும்ங்கறது அப்ப மண்டையில ஏறல.

அவரு கழட்டுனது ஏர் ஃபில்டரும் சைலன்சரும்தான். பவர் ஏத்துன மேப், அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்ப நெருப்புன்னு இன்ஜினுக்குச் சொல்ற ப்ரோகிராம், அப்படியே ஈசியுக்குள்ள (இன்ஜின் கம்ப்யூட்டர்) இருந்திருக்கு, அதுவும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதுன மேப்பு. அந்த பெட்ரோல் பெரிய ஊர்ல சில பங்க்லதான் கெடைக்கும், நான் வழக்கம்போல சாதா 91 ஊத்தி ஓட்டிட்டு இருந்தேன். ஆக்டேன்ங்கறது பெட்ரோல் தானா வெடிக்காம தாங்குற அளவு. அது கம்மியா இருந்தா, பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம்) ஏறுற நேரத்துல பிளக்கோட நெருப்பு பரவி முடியறதுக்குள்ள மிச்சம் இருக்கற பெட்ரோல் தானா வெடிக்கும், அதான் நாக்கிங். கம்பெனி மேப்புன்னா சென்சார் அத கேட்டு டைமிங்க (பிளக் நெருப்பு விடுற நேரம்) கொஞ்சம் தள்ளிப் போட்டு இன்ஜின காப்பாத்திரும், ஆனா இந்த மேப்ல அந்த இடைவெளியையே பவருக்காக தின்னுட்டானுங்க.

கத்திரி வெயில், மதுரைல கல்யாணம், அஞ்சு பேரு, டிக்கி நெறைய சீர் சாமான். திருப்பத்தூர் தாண்டி ஒரு லாரிய முந்தலாம்னு கியர் குறைக்காம அமுக்குனேன், கூழாங்கல்ல டப்பால போட்டு ஆட்டுன மாதிரி ஒரு சத்தம், ரெண்டு நிமிசத்துல வண்டி உதற ஆரம்பிச்சிருச்சு. மெக்கானிக் ஆயில் மூடியத் தொறந்தாப்ல, பேக் கம்ப்ரஷன் (சிலிண்டர்ல நிக்க வேண்டிய காத்து கீழ கசிஞ்சு வர்றது) குபுகுபுன்னு வருது. சிலிண்டர் அழுத்தம் பாக்கற கம்ப்ரஷன் கேஜ் போட்டா மூணு சிலிண்டர் 170 psi பக்கம், ஒண்ணு மட்டும் 90. ஹெட்ட இறக்கிப் பாத்தா பிஸ்டன்ல ரிங் உக்காந்திருக்கற இடமே உடைஞ்சு கெடக்கு. 1,35,000 ரூபாய். வீட்ல இன்னும் 90 ஆயிரம்னுதான் நெனச்சுட்டு இருக்காங்க, யாரும் போட்டுக் குடுத்துறாதீங்க.

இப்ப நண்பர்களுக்கு வண்டி பாக்கப் போனா மொத நாளே சொல்லிருவேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு. காலைல ஆறு மணிக்குப் போயி பானெட்ல கைய வைப்பேன், சூடா இருந்தா அப்படியே திரும்பிருவேன். ஆயிரம் ரூபாய் ஸ்கேனர் ஒண்ணு வச்சிருக்கேன். கோட் (வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கற பழுது நம்பர்) இல்லைன்னு அது காட்டுனா சந்தோஷப்படக் கூடாது, கோட்ட அழிச்சு எத்தன கிலோமீட்டர் ஆச்சுன்னும், ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னத்தானே பண்ணிக்கற டெஸ்ட்) எல்லாம் முடிஞ்சிருக்கான்னும் பாக்கணும். நேத்து ராத்திரி அழிச்சிருந்தா அதுல மாட்டிக்கிரும்.

தேவகோட்டை மெக்கானிக்: தம்பி நல்லா எழுதிருக்கீங்க, ஒண்ணு சேத்துக்கங்க. கம்ப்ரஷன் பாக்கறப்ப இன்ஜின் சூடா இருக்கணும், எல்லா பிளக்கும் கழட்டியிருக்கணும், ஆக்சிலேட்டர முழுசா அமுக்கிப் புடிக்கணும், இல்லன்னா நம்பர் பொய் சொல்லும். நம்பர் பெருசா இருக்கறத விட நாலும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட இருக்கறதுதான் முக்கியம். அப்பறம் டர்போக்குப் போற ஹோஸ கழட்டி விரல விட்டு தண்ட ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல லேசா ஆடுனா பரவால்ல, முன்னப் பின்ன ஆடுனா காச எடுத்து பைக்குள்ள வச்சுக்கங்க. நம்ம கடைக்கு வர்றவங்க வாங்குனதுக்கு அப்பறந்தான் கூட்டிட்டு வர்றாங்க, பொண்ணு பாக்க கல்யாணத்துக்கு மறுநாள் கூப்புட்ட மாதிரி.

பள்ளத்தூர் லீனியா: எனக்கு நல்ல அனுபவம்தான் அண்ணே. லீனியா டி-ஜெட், 1.4 டர்போ, கம்பெனில 114 பிஎஸ், வித்தவரு ரீமேப் (மேப்ப மாத்தி எழுதறது) பண்ணிருந்தாரு. அத மறைக்கவே இல்ல, ஒரு ஃபைல் நெறைய பில்லு, எந்த பெட்ரோலுக்கு மேப், எப்ப ஆயில் மாத்துனது, டைமிங் பெல்ட் மாத்துன தேதி, கிலோமீட்டர் எல்லாம் இருந்துச்சு. பெல்ட்தான் மெயின், அந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். பியட் இங்க கார் விக்கறத நிறுத்திட்டதால ஸ்பேர்க்கு அலையணும், அத மனசுல வச்சு வெலைய கொறச்சேன். மூணு வருசமா திருமயம், புதுக்கோட்டைன்னு ஓடுது.

கானாடுகாத்தான்: இன்ஜின் எல்லாம் ஓகேப்பா, பேப்பரையும் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல கம்பெனி கொடுத்த அமைப்ப மாத்தக் கூடாதுன்னு இருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. இன்சூரன்ஸ்காரன்ட்ட சொல்லாம மாத்துன வண்டி மோதுனா க்ளெய்ம்க்கு நாயா அலையணும். என் மச்சான் அலைஞ்சிட்டு இருக்காப்ல.

காரைக்குடி, நான்தான்: மெக்கானிக் அண்ணே, அந்த கல்யாண வசனத்த அப்பச்சிட்ட படிச்சுக் காட்டுனேன், அரை மணி நேரம் சிரிச்சாரு, என்னப் பாத்துதான். ஞாயித்துக்கெழம திருச்சில ஒரு வண்டி பாக்கப் போறோம். இன்ஜின் ஸ்டாக்காம், ஆனா போட்டோல பூஸ்ட் மீட்டர் மாட்டுன ஓட்டை முன் கண்ணாடி ஓரத்து பில்லர்ல தெரியுது. கம்ப்ரஷன் கேஜோட யாராவது கூட வர்றீங்களா, மதிய சாப்பாடு என் செலவு.