பொக்ஸ்ரர் 987: பற்றரி செத்துப்போச்சு, முன் மூடி திறக்குதில்லை. எந்தப் பற்றரி போடலாம்?

கேட்டவர் (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம். என்னட்டை இருக்கிறது 2007 போர்ஷ பொக்ஸ்ரர் கார், 987 எண்ட தலைமுறை, கையால கியர் மாத்திறது. உப்புக் கொட்டின தெருவில ஓட்ட மனமில்லாமல் நவம்பர் கடைசியில அடுக்குமாடியின்ர நிலக்கீழ்த் தரிப்பிடத்தில மூடி நிறுத்தினனான். அங்க பிளக் பொயின்ற் ஒண்டும் இல்லை. இப்ப ஏப்ரல். ரிமோட்டுக்கு அசைவில்லை, உள்ளுக்கு ஒரு லைற்றும் எரியுதில்லை. திறப்பைப் போட்டு சாரதிக் கதவை மட்டும் திறந்திட்டன்.

பிரச்சினை என்னெண்டால் பற்றரி கிடக்கிறது முன் பக்கச் சாமான் பெட்டிக்குள்ள. அந்த மூடி திறக்கிறது கரண்டில. சீற்றுக்குப் பக்கத்தில இருக்கிற சுவிச்சை இழுத்தால் ஒரு சத்தமும் இல்லை. பற்றரியைத் தொட மூடி திறக்கவேணும், மூடி திறக்கப் பற்றரி வேணும். கார் இழுக்கிற ஒருவர் பூட்டைத் துளைக்கிறதைத் தவிர வழியில்லை எண்டு சொல்லுறார். அதுக்கு ஓம் எண்டு சொல்ல முதல் இங்க கேக்கிறன்.

புதுசு வாங்கிறதெண்டால் ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில ஊற வச்ச ஈயப் பற்றரி) நல்லமோ, சாதாரண ஈயப் பற்றரி காணுமோ, லித்தியம் போடலாமோ எண்டும் சொல்லுங்கோ. கடையில எச்6, எச்7 எண்டு ரெண்டு அளவு சொல்லினம்.

பதில் (ஸ்காபரோ, கராஜில வேலை)

தம்பி, துளைக்க மட்டும் விடாதேங்கோ. இதுக்கு எண்டே போர்ஷ ஒரு வழி வச்சிருக்கு, காரோட வந்த கைநூலிலயும் இருக்கு.

சாரதிக் கதவைத் திறந்தால், இடக்கால் வைக்கிற இடத்துக்குப் பக்கச் சுவரில ஃபியூஸ் பெட்டி. மூடியைக் கழட்டுங்கோ. ஃபியூஸுகளுக்கு நடுவில ஒரு பொசிற்றிவ் முனை உள்ளுக்குத் தள்ளி இருக்கும். பெட்டிக்குள்ள கிடக்கிற பிளாஸ்டிக் இடுக்கியால அதைப் பிடிச்சு வெளியில இழுங்கோ. ஜம்பர் வயரின்ர சிவப்பை அதில கொழுவுங்கோ, கறுப்பை கதவு மூடேக்க பூட்டு வந்து பிடிக்கிற இரும்பு வளையத்தில கொழுவுங்கோ. பெயின்ற் இல்லாத வெறும் இரும்பில படவேணும். மற்ற முனைகள் வேறொரு நல்ல பற்றரிக்கு. காரைப் பூட்டி விட்டிருந்தால் கறுப்பு பட்ட உடன அலாரம் கத்தும், பயப்பிடாதேங்கோ. ரிமோட்டில முன் மூடிப் பட்டனை ரெண்டு செக்கன் அமத்திப் பிடிச்சால் மூடி திறக்கும், அலாரமும் நிக்கும்.

உடன திறக்காட்டில் கொஞ்சம் பொறுங்கோ. செத்த பற்றரி வாற கரண்டை முழுக்க உறிஞ்சும். கையில கொண்டு திரியிற சின்ன ஜம்ப் பெட்டி வச்சிருந்தால், முனையில வோல்ற்றேஜ் இல்லாட்டில் அது தானா வேலை செய்யாது. அதில இருக்கிற பூஸ்ற் பட்டனை அமத்தவேணும்.

இந்த முனையில இருந்து எஞ்சினை ஸ்ராட் பண்ண ஒரு நாளும் பாக்காதேங்கோ. அந்த வயர் மூடி திறக்கிற அளவுக்குத்தான். ஸ்ராட்டர் மோட்டர் இழுக்கிற கரண்டுக்கு ஃபியூஸ் பெட்டியே எரிஞ்சு போகும். சிவப்புக் கிளிப்பின்ர பல்லு பக்கத்து இரும்பில தட்டாமலும் பாருங்கோ.

இன்னொண்டு. இந்தக் காரின்ர கதவுக்கு மேல சட்டம் இல்லை. வழக்கமா கைபிடியை இழுத்த உடன கண்ணாடி ஒரு சென்ரிமீற்றர் கீழ இறங்கி, துணிக்கூரையின்ர ரப்பருக்குள்ள இருந்து விடுபடும். கரண்ட் இல்லாட்டில் இறங்காது. அப்பிடியே கதவை அடிச்சு மூடினால் ரப்பர் கிழியும், கண்ணாடியும் உடையலாம். வேலை முடியுமட்டும் கதவைத் திறந்தே விடுங்கோ.

கேட்டவர்

அண்ணை, திறந்திட்டுது! நண்பற்ற காரைப் பக்கத்தில விட்டு வயர் குடுத்தம். அலாரம் தரிப்பிடம் முழுக்கக் கேட்டுது. ரெண்டு நிமிசம் பொறுத்து பட்டனை அமத்த, டக் எண்டு மூடி எழும்பிச்சு.

பற்றரியை அளந்தன். மல்ரிமீற்றர் 4 வோல்ற்றுக்கும் கீழ காட்டுது. மேல ஒட்டியிருக்கிற கொள்ளளவு 70 ஆம்பியர் அவர் (Ah), வருசம் 2017. நீளம் 278 மில்லிமீற்றர். சார்ஜ் ஏத்திப் பாக்கிறதில பிரயோசனம் இருக்கோ?

பதில் (ஸ்காபரோ)

இல்லை, அது முடிஞ்சுது. முழுச் சார்ஜில இருக்கிற ஈயப் பற்றரி 12.6 வோல்ற்றுக்கு மேல காட்டும். 12.2 எண்டால் பாதி. 4 எண்டால் கனகாலம் வெறுமையாக் கிடந்து தகட்டில சல்பேற் இறுகிப்போச்சு எண்டு அர்த்தம். இந்த நிலைமையில கன சார்ஜர்கள் பற்றரி இருக்கெண்டே ஒத்துக்கொள்ளாது. எப்பிடியோ ஏத்தினாலும் முதல் குளிர் நாளில கைவிடும்.

மற்றது, சார்ஜ் இறங்கின பற்றரி உறையும். முழுச் சார்ஜில இருக்கிறது மைனஸ் 50 பாகையிலும் உறையாது, வெறுமையாக் கிடக்கிறது மைனஸ் 10க்கு முன்னமே உறைஞ்சிடும். பக்கம் ஊதியிருக்கோ, வெடிப்பு இருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ. இருந்தால் சார்ஜரை அதுக்குக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ.

பதில் (டோர்ட்முண்ட், ஜேர்மனி)

278 எண்டால் எச்6, எங்கட பக்கம் எல்என்3 எண்டு எழுதுவினம். எச்7 இன்ர நீளம் 315. அகலம் 175, உயரம் 190, இது ரெண்டுக்கும் ஒண்டுதான். பெரிசு வாங்கினால் நல்லம் எண்டு கடையில சொல்லுவினம், நீங்க பழசின்ர நீளத்துக்கே வாங்குங்கோ. பற்றரியை இறுக்கிற கட்டை அடிவிளிம்பைத்தான் பிடிக்கிறது. அது சரியாப் பிடிக்காட்டில் வளைவில 20 கிலோப் பாரம் முன் பெட்டிக்குள்ள ஆடும். பொசிற்றிவ் எந்தப் பக்கம் எண்டதையும் பழசைப் பாத்து உறுதிப்படுத்துங்கோ. மாறி இருந்தால் வயர் எட்டாது.

லித்தியத்தைப் பற்றிச் சொல்லுறன், இது உங்கட காரோட சம்பந்தப்பட்ட கதை. 2010இல போர்ஷவே 911 ஜிரி3, ஜிரி3 ஆர்எஸ், பொக்ஸ்ரர் ஸ்பைடர் மூண்டுக்கும் லித்தியம் பற்றரி வித்தது. ஸ்பைடர் உங்கட 987 தான். பற்றரியின்ர பாரம் 6 கிலோவுக்கும் குறைவு, ஈயத்தை விட 10 கிலோவுக்கு மேல மிச்சம். விலை ஜேர்மனியில 1,904 யூரோ. ஆனா அதை வாங்கினவைக்கு சாதாரண ஈயப் பற்றரியும் சேத்துத்தான் குடுத்தவை, பூச்சியத்துக்குக் கீழ போனால் மாத்திப் போடச் சொல்லி. செய்த நிறுவனமே அப்பிடிச் சொன்ன பிறகு ரொறன்ரோ குளிருக்கு அதை நான் சொல்ல மாட்டன். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழ சார்ஜ் பண்ணினால் உள்ளுக்கு நிரந்தரமாப் பழுதாகும். கார்ப் பந்தயத் தடத்துக்குக் கொண்டு போறவை போடட்டும்.

உங்களுக்கு ஏஜிஎம். விலை கூடத்தான். ஆனா நிறுத்தி வைக்கிற காருக்கு அது பொருந்தும்: தன்பாட்டில சார்ஜ் இறங்கிறது குறைவு, அதிர்வு தாங்கும், அமிலம் சிந்தாது. 987இன்ர ஆல்ரனேற்றர் அதுக்கு ஒத்து வரும், கொம்பியூற்றரில பதியவேண்டிய வேலையும் இல்லை. அது அடுத்த தலைமுறை 981க்குத்தான்.

பதில் (மொன்றியல்)

நான் பெரிய கடையில கிடந்த மலிவான எச்6 தான் போட்டிருக்கிறன், நல்லா ஓடுது. ஏஜிஎம் அவசியமில்லை எண்டது என்ர அபிப்பிராயம். அதில ஓட்டையும் குழாயும் ஒண்டும் இல்லை, அப்பிடியே வச்சு இறுக்கினால் சரி.

பதில் (ஸ்காபரோ)

மலிவானது போடுங்கோ, அதில எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனா குழாய் இல்லாமல் போடாதேங்கோ, இதை நான் அழுத்திச் சொல்லுறன். சார்ஜ் ஏறேக்க பற்றரியில இருந்து ஹைட்ரஜன் வரும். சாதாரண காரில பற்றரி எஞ்சினுக்குப் பக்கத்தில காத்தோட்டத்தில கிடக்கு. பொக்ஸ்ரரில கிடக்கிறது இறுக்க மூடின பெட்டிக்குள்ள. ஹைட்ரஜன் காத்தில 4 வீதம் சேந்தாலே ஒரு பொறி காணும். அதுக்காகத்தான் பழைய பற்றரியின்ர பக்கத்தில ஒரு வளைஞ்ச பிளாஸ்டிக் மூக்கும், அதில இருந்து காருக்கு வெளியில போற மெல்லிய குழாயும் இருக்கு. பழசைக் குப்பைக்குக் குடுக்க முதல் அந்த மூக்கைக் கழட்டி எடுத்து வையுங்கோ. புதுசில ரெண்டு பக்கமும் துளை இருந்தால் குழாய் வாற பக்கம் மூக்கு, மற்றப் பக்கம் அடைப்பான். ஏஜிஎம்முக்கும் இதேதான். மொன்றியல் தம்பி, உங்கட பற்றரியின்ர ரெண்டு ஓரத்தையும் ஒருக்கா ரோச் அடிச்சுப் பாருங்கோ. துளை எங்கேயும் இல்லாட்டில் அந்தப் பற்றரியை மாத்துங்கோ.

கேட்டவருக்கு: 10, 13 சொக்கெற், ஒரு நீளத் தண்டு காணும். கழட்டேக்க நெகற்றிவ் முதல், பூட்டேக்க நெகற்றிவ் கடைசி. முன் மூடியை ஒருத்தரும் தவறி அடிச்சு மூடாமல் பூட்டு நாக்கில துணியைச் சுத்தி விடுங்கோ. பற்றரி கழண்டு கிடக்கேக்க மூடி பூட்டினால் திரும்ப ஃபியூஸ் பெட்டிக்குத்தான் போகவேணும். பற்றரியை வெளியில எடுத்த கையோட அதின்ர ரெண்டு பக்கமும் இருக்கிற தண்ணி வடியிற துளைகளைத் துப்பரவாக்குங்கோ. மரத்துக்குக் கீழ நிண்ட கார் எண்டால் இலை அடைச்சிருக்கும்.

கேட்டவர்

ஏஜிஎம் எச்6 பூட்டியாச்சு. பழைய மூக்கு புதுசில அப்பிடியே கொழுவுப்பட்டுது, மற்றப் பக்கத்துக்கு அடைப்பான் பெட்டியோட வந்தது. வடிகால் துளை ஒண்டுக்குள்ள மேப்பிள் இலை கறுத்துச் சேறாக் கிடந்தது. கார் முதல் தரத்திலேயே ஸ்ராட். ஓடேக்க 14 வோல்ற் காட்டுது.

ஆனா பிஎஸ்எம் (கார் வழுக்காமல் பாக்கிற அமைப்பு) லைற் எரியுது. கதவைத் திறக்கேக்க கண்ணாடியும் இறங்குதில்லை.

பதில் (டோர்ட்முண்ட்)

ரெண்டும் பழுதில்லை. பற்றரி கழண்டால் கார் அந்த அளவுகளை மறக்கும். கண்ணாடியை முழுக்க மேல ஏத்தி, ஏறி முடிஞ்ச பிறகு சுவிச்சை இன்னொருக்கா மேல இழுங்கோ. ரெண்டு பக்கமும் செய்யவேணும். பிஎஸ்எம்முக்கு, எஞ்சின் ஓட ஸ்ரியரிங்கை ஒருக்கா இடம், ஒருக்கா வலம் திருப்பிப் போட்டு நேர் தெருவில கொஞ்சத் தூரம் ஓடுங்கோ, அணைஞ்சிடும்.

கேட்டவர்

கண்ணாடி சரி. தரிப்பிடத்தை விட்டு வெளியில வந்து முதல் சந்திக்கு முன்னமே பிஎஸ்எம்மும் அணைஞ்சுது. ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி அண்ணை.

கடைசியா ஒண்டு. பிளக் இல்லாத இடத்தில அடுத்த பனிக்காலம் என்ன செய்யிறது?

பதில் (ஸ்காபரோ)

பூட்டிக் கிடக்கிற கார் 40 மில்லிஆம்பியர் அளவு கரண்ட் குடிக்கும், அலாரத்துக்கும் ரிமோட்டுக்கும். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 ஆம்பியர் அவர். 70இல அப்பிடிப் போனால் ரெண்டு மாசத்துக்கு மேல தாங்காது, உங்களுக்கு நடந்ததும் அதுதான். பிளக் இருந்தால் சிகரெற் பத்தவைக்கிற துளையில சின்ன சார்ஜரைக் கொழுவி விடலாம், முன் மூடியைத் திறக்கவே தேவையில்லை. முதல் கட்டட நிர்வாகத்திட்டைக் கேளுங்கோ, மின்சாரக் காருக்கு எண்டு தரிப்பிடத்துக்கு வயர் இழுக்கிற இடங்கள் இப்ப இருக்கு.

தராட்டில் பற்றரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போய் வையுங்கோ, மாசத்துக்கு ஒருக்கா ஏஜிஎம் நிலையில வச்சுச் சார்ஜ் ஏத்துங்கோ. முன் மூடியை முழுக்கப் பூட்டாமல் பாதுகாப்புக் கொழுக்கியில மட்டும் இருத்தி, மேல கார் உறையைப் போடுங்கோ. சாரதிக் கண்ணாடியை ரெண்டு சென்ரிமீற்றர் இறக்கி விட்ட பிறகு பற்றரியைக் கழட்டினால் கதவு மூடேக்க ரப்பரோட சண்டை இல்லை. ஜம்ப் பெட்டியைக் காருக்குள்ள வைக்காதேங்கோ, வீட்டில வையுங்கோ.

பதில் (மொன்றியல்)

அண்ணை, ரோச் அடிச்சுப் பாத்தன். துளை இருக்கு, குழாய் கழண்டு அடியில கிடக்கு. மூக்குப் பகுதி தனிய வாங்கேலுமோ?

பதில் (ஸ்காபரோ)

ஏலும். பற்றரி விக்கிற கடையிலயே வாயுக் குழாய் முழங்கை எண்டு கேளுங்கோ, சில்லறைக் காசுதான். துளையின்ர விட்டத்தை அளந்துகொண்டு போங்கோ, எல்லாப் பற்றரிக்கும் ஒரே அளவு இல்லை. அது வாறமட்டும் முன் பெட்டியைத் திறந்து வச்சுத்தான் சார்ஜ் ஏத்துங்கோ.