வளரும் வயதில் வேகம் குறைந்துள்ள மகளுக்குத் துணை நிற்பது எப்படி?

கேள்வி: விசுவமடுவிலிருந்து ஒரு தந்தை

வணக்கம். நாங்கள் விவசாயக் குடும்பம். மூத்த மகளுக்கு வயது 14. ஒன்பதாம் தரத்தில் படிக்கிறாள். 800 மீற்றர், 1500 மீற்றர் ஓட்டங்களில் சென்ற ஆண்டு வலய மட்டத்தில் வெற்றிபெற்று மாகாண மட்டம் வரை சென்றாள். அதன் பின்னர் பெரியபிள்ளையானாள். உயரமும் விரைவாகக் கூடியது. இந்த ஆண்டு அதே தூரங்களை முன்பைவிட மெதுவாகவே ஓடுகிறாள். பயிற்சி முடிந்து வந்தால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நோகிறது என்கிறாள்.

பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர் வாரத்தில் நான்கு நாட்கள் பயிற்சி கொடுக்கிறார். வெளியிலுள்ள ஒரு பயிற்றுவிப்பாளர், சனி, ஞாயிறு நாட்களிலும் தன்னிடம் அனுப்பினால் வேகம் திரும்பும் என்றும், கடையில் விற்கும் புரத மாவு ஒன்றை வாங்கிக் கொடுக்கவேண்டும் என்றும் கூறுகிறார். என் தாயாரும் மனைவியின் சகோதரர்களுமோ, வயதுக்கு வந்த பிள்ளை காற்சட்டையுடன் மைதானத்தில் ஓடியது போதும், இனிப் படிப்பைக் கவனிக்கட்டும் என்கிறார்கள். மகள் இந்தப் பேச்சுகள் எதற்கும் பதில் சொல்வதில்லை. ஆனால் மாலையானால் சப்பாத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறாள். அவளுடைய விருப்பம் கெடாமலும் உடல் கெடாமலும் பார்த்துக்கொள்ள ஒரு தகப்பன் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யாமல் இருக்கவேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், மாங்குளம்

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: உங்கள் மகள் பின்தங்கிவிடவில்லை, வளர்ந்துகொண்டிருக்கிறாள். பெண்பிள்ளைகளின் உயரம் பெரும்பாலும் 12 வயதை ஒட்டியும், ஆண்பிள்ளைகளின் உயரம் 14 வயதை ஒட்டியும் மிக விரைவாகக் கூடுகிறது. அந்தக் காலத்தில் கைகால்களின் நீளம் மாறுகிறது, இடுப்பு அகலிக்கிறது, உடல் எடையில் கொழுப்பின் பங்கு இயல்பாகவே சிறிது கூடுகிறது. நேற்றுவரை பழகியிருந்த உடலுக்குப் பதிலாக ஒரு புதிய உடலைக்கொண்டு ஓடப் பிள்ளை மறுபடியும் கற்கவேண்டியிருக்கிறது. இதனால் ஓரிரு ஆண்டுகள் வேகம் முன்னேறாமல் நிற்பதும், சிலருக்குச் சற்றுக் குறைவதும் வழமை. நம் பகுதியில் திறமையுள்ள பெண்பிள்ளைகள் பலர் ஓட்டத்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான் என்பது என் நெடுங்கால மனவருத்தம். சோம்பல் வந்துவிட்டது என்று ஒரு வீட்டில் திட்டுகிறார்கள். இன்னொரு வீட்டில் பயிற்சியை இரட்டிப்பாக்குகிறார்கள். வேறொரு வீட்டில் இதுவே தக்க தருணம் என்று நிறுத்திவிடுகிறார்கள். பொறுத்திருந்த வீடுகளில் மட்டுமே பிள்ளை 17, 18 வயதில் தன் முழு வலுவோடு ஓடியதைக் கண்டேன்.

12, 14 வயதுப் பிரிவுகளில் முதலிடம் பெறுபவர்களுள் பலர் மற்றவர்களுக்கு முன்பே வளர்ந்துவிட்ட பிள்ளைகள் என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள். அந்த வயதின் வெற்றி பெரிய எதிர்காலத்துக்கு உத்தரவாதமும் அல்ல, அந்த வயதின் தோல்வி முடிவும் அல்ல. நேரங்களை ஒப்பிடும்போதும் அவதானம் தேவை. கிரவல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கைக்கடிகாரத்தால் எடுத்த நேரத்தையும், கொழும்பு சுகததாச விளையாட்டரங்கின் செயற்கை ஓடுபாதையில் மின்னியல் கருவி பதிந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதே மைதானம், அதே காலநிலை என்றால் மட்டுமே ஒப்பிடலாம். அதையும் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.

முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில், எலும்பு சற்றுப் புடைத்திருக்கும் இடத்தில் நோவு இருந்தால், அது பெரும்பாலும் ஒஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும் வளர்ச்சிக்கால நோவாக இருக்கக்கூடும். எலும்பு விரைவாக நீள, தொடைத் தசையும் தசைநாணும் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல், இன்னும் முற்றாத எலும்பு முனையை இழுப்பதால் அது உண்டாகிறது. ஓட்டத்தையும் பாய்ச்சலையும் குறைத்து, நோவு தணிந்த பிறகு படிப்படியாகக் கூட்டினால் ஆறிவிடும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாகவே நீங்கும். ஆனால் இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, பிள்ளை நொண்டினாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். எண்ணெய் தடவி நீவிவிட்டு அடுத்த நாளே ஓட அனுப்புவது தவறு.

சனி, ஞாயிறு மேலதிகப் பயிற்சி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு வாரத்தின் மொத்தப் பயிற்சி மணித்தியாலங்கள் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களேனும் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்கவேண்டும் என்பவை சிறுவர் விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்கள். மாரியில் மைதானத்தில் நீர் தேங்கி நிற்கும் வாரங்களை இழப்பாக எண்ணாமல் அந்த ஓய்வாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்துவிடும். ஓய்ந்திருந்த கால்களைத் திடீரென்று ஐந்தாறு நிகழ்ச்சிகளில் இறக்குவதாலேயே பல காயங்கள் நேர்கின்றன. எத்தனை நிகழ்ச்சிகளில் அவள் பங்குபற்றலாம் என்று ஆசிரியரோடு முன்கூட்டியே பேசிவையுங்கள். இரண்டு பயிற்றுவிப்பாளர்கள் ஒரே நேரத்தில் இரண்டு திட்டங்களைக் கொடுப்பதும் பிள்ளையின் உடலுக்குப் பாரமாகும். ஒருவர் சொல்வது மட்டும் நடக்கட்டும்.

பதில் 2: தாதிய உத்தியோகத்தர், கிளிநொச்சி

ஐயா கூறியவற்றுடன் நான் முழுமையாக உடன்படுகிறேன். உடல் தொடர்பாகச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

மாதவிடாய் தொடங்கிய, நீண்ட தூரம் ஓடுகின்ற பெண்பிள்ளையின் வேகம் குறைந்து, விரைவாகக் களைப்பு வந்தால், முதலில் இரும்புச்சத்தைப் பற்றி நினைக்கவேண்டும். வைத்தியரின் ஆலோசனையுடன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். ஈமோகுளோபின் அளவு சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம் என்பதால், பெரிட்டின் அளவையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்கவேண்டாம்.

உணவில் நம் ஊருக்கு ஒரு குறையும் இல்லை. முருங்கைக்கீரை, பயறு, நெத்தலி, குளத்து மீன், முட்டை, கிடைக்கும்போது ஈரல் ஆகியவை அவளுக்குப் போதுமானவை. கீரையோடு தேசிப்புளி சேர்த்தால் அதிலுள்ள இரும்பை உடல் நன்றாக உறிஞ்சும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஆகவே தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். பயிற்சிக்குப் போகுமுன் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். திரும்பி வந்தவுடன் ஏதாவது உண்ணவேண்டும், இரவுச் சாப்பாடுவரை காத்திருக்கக்கூடாது. எடை கூடிவிட்டது, சோற்றைக் குறை என்று யார் சொன்னாலும், அவர் பயிற்றுவிப்பாளராகவே இருந்தாலும், பெற்றோர் உறுதியாக மறுக்கவேண்டும். உணவு போதாமல் ஓடும் பிள்ளையின் எலும்பு பலவீனமாகும், மாதவிடாய் நின்றுபோகும். தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் அது முன்பின்னாக வருவது இயல்பே. எனினும் மூன்று மாதங்கள் தொடர்ந்து வராவிட்டால் வைத்தியரைப் பார்க்கவேண்டும். இதை அவள் தாயாரிடம் கூச்சமின்றிப் பேசக்கூடிய சூழல் வீட்டில் இருக்கட்டும்.

புரத மாவு தேவையில்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் பருப்பும் வாங்கலாம். அவ்வாறான மாவுகள் சிலவற்றில் பொதியில் குறிப்பிடப்படாத, தடைசெய்யப்பட்ட பொருட்கள் கலந்திருந்தமை உலகெங்கும் கண்டறியப்பட்டுள்ளது. அப்படியொரு பொருள் போட்டியாளரின் உடலில் இருந்தால், அது எப்படி வந்தது என்று அறியாவிட்டாலும் அவரே பொறுப்பாளி என்பது ஊக்கமருந்துத் தடுப்பு விதி.

இந்த வயதில் எட்டு முதல் பத்து மணித்தியால உறக்கம் வேண்டும். அதிகாலைப் பயிற்சி, பாடசாலை, ரியூசன், மாலைப் பயிற்சி என்று நாள் நிறைந்திருந்தால் உறக்கம்தான் குறையும். நான் என்றால் அதிகாலைப் பயிற்சியைத்தான் விடச்சொல்வேன். சோளகம் வீசும் மாதங்களில் மாலை நாலரை மணிக்கு முன்பு கடும் ஓட்டம் வேண்டாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள்.

பதில் 3: முன்னாள் ஓட்டவீராங்கனை, முல்லைத்தீவு

அண்ணா, உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். போட்டி முடிந்து வீடு திரும்பும் நேரம்தான் எங்களுக்கு மிகக் கடினமானது. தோற்ற காரணத்தைப் பிள்ளை உங்களைவிட நன்றாக அறிவாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து வரும்போது, ஏன் கடைசிச் சுற்றில் விட்டாய், அந்தப் பிள்ளை எப்படி முந்தினாள் என்று கேட்டால், அடுத்த போட்டியில் அவள் ஓடுபாதையைப் பார்க்கமாட்டாள்; உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். பசிக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டத்தைப் பற்றி அவளாகப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். வென்ற நாளிலும் அப்படியே இருங்கள். வென்றால் மட்டும் கொத்துரொட்டியும் தோற்றால் மௌனமும் என்ற நிலை பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும்.

உறவினர்களின் பேச்சை அவளிடம் விடாமல் நீங்களே எதிர்கொள்ளுங்கள். உடைதான் தடை என்றால், முழங்கால்வரை அல்லது கணுக்கால்வரை நீண்ட இறுக்கமான காற்சட்டையுடன் ஓடுவதை மெய்வல்லுநர் விதிகள் தடுக்கவில்லை. எந்த உடை வசதியென்று அவளே தெரிவுசெய்யட்டும். வயதைச் சொன்னால், நம் முள்ளியவளையைச் சேர்ந்த செல்லப்பா அகிலத்திருநாயகி அம்மா 2023 இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றதைப் பாட்டியிடம் எடுத்துச் சொல்லுங்கள். படிப்பைப் பற்றிய அவர்களுடைய கவலை மட்டும் நியாயமானது. தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சிறப்பு அனுமதி உண்டு. ஆனால் அதற்கும் உயர்தரத்தில் தேவையான சித்தி வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். எந்தப் பயிற்றுவிப்பாளராக இருந்தாலும், அவர் எவ்வளவு நல்லவர் என்று ஊர் சொன்னாலும், பயிற்சி பிறர் பார்க்கக்கூடிய இடத்தில் நடக்கவேண்டும். தூரத்துப் போட்டிகளுக்கு ஆசிரியை ஒருவரோ ஒரு தாயோ கூடச் செல்லவேண்டும். தசை நீவுதல் தனி அறையில் நடக்கக்கூடாது. பிள்ளையின் தொலைபேசிக்குத் தனிப்பட்ட செய்திகள் வரத் தேவையில்லை. மனதுக்கு ஒவ்வாத எதுவும் நடந்தால் வீட்டில் சொல்லலாம், சொன்னதற்காக ஓட்டம் நிறுத்தப்படாது என்று அவளுக்கு முன்கூட்டியே உறுதி கொடுங்கள். ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தினாலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை அவளும் அறிந்திருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனி, ஞாயிறு பயிற்சியையும் மாவையும் மறுத்துவிட்டேன். இந்த வாரம் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கிறோம். முழங்கால் ஆறும்வரை அவளை மைதானத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருப்பது நல்லதா?

பதில்: ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், மாங்குளம்

வேண்டாம் ஐயா. வைத்தியர் ஓடவேண்டாம் என்றாலும் மைதானத்துக்குப் போகட்டும். நோவு தராத நீட்சிப் பயிற்சிகளையும் உடற்பகுதி வலுவூட்டும் பயிற்சிகளையும் செய்யலாம், மற்றவர்களுக்கு நேரம் எடுத்துக் கொடுக்கலாம், தோழிகளோடு இருக்கலாம். வைத்தியர் சொன்னதைத் தாளில் எழுதி ஆசிரியரிடம் நீங்களே நேரில் கொடுங்கள். எனக்கு நோகிறது என்று ஆசிரியரிடம் சொல்லும் பொறுப்பு 14 வயதுப் பிள்ளையின் தலையில் விழக்கூடாது. மீண்டும் ஓடத் தொடங்கும் நாளை, நோவு நீங்கிய பிறகு, வைத்தியரும் ஆசிரியரும் அவளும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.