ஆரஞ்சுச் செடி இலை மஞ்சளாகிறது, என்ன போடுவது? (அவசரம்)

கமலா_செந்தூல்: வணக்கம். சாப் கோ மே (சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள்) முடிந்ததும் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று சீனப் புத்தாண்டு ஆரஞ்சுச் செடி ஒன்று வாங்கினேன். குட்டிக் குட்டிப் பழம் மரம் நிறைய இருந்தது. இப்போது இலை மஞ்சள், பழமும் கொட்டுகிறது. என்ன உரம் போடலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

குமார்_செத்தாப்பாக்: தொட்டியிலா, தரையிலா? போர்ச்சுக்கு உள்ளேயா, வெயிலிலா? மஞ்சளாவது அடி இலையா, கொழுந்தா? படம் போடுங்கள் அக்கா.

மணி_கிள்ளான்: மக்னீசியக் குறைவுதான், சந்தேகமே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) கலந்து ஊற்றுங்கள்.

குமார்_செத்தாப்பாக்: அண்ணே, போன மாதம் வாழைக்கும் இதையேதான் சொன்னீர்கள்.

தோட்டப்பெரியவர்: வருடா வருடம் மார்ச்சில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பழைய பதிவைத் தேடுகிற வழக்கம் ஒருவருக்கும் இல்லை. சரி, கேட்டுக்கொள்ளுங்கள். அடி இலை முழுதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து. வீடு கட்டிய சிமெண்டுக் கழிவு மண்ணில் கிடந்தால் இது வரும். முதிர்ந்த இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை நின்றால்தான் மணி சொல்லும் மக்னீசியம். இலையின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லாமல், நரம்பைத் தாண்டித் திட்டுத் திட்டாக மஞ்சளானால் சிட்ரஸ் கிரீனிங் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். அதைக் குணப்படுத்த மருந்தில்லை, பிடுங்க வேண்டியதுதான். அதைப் பரப்பும் சில்லிட் பூச்சி கெமுனிங் (வெள்ளைப் பூப் பூக்கும் செடி) வேலியிலும் கறிவேப்பிலையிலும் தங்கும்.

ரேணுகா_பூச்சோங்: அதற்காகக் கறிவேப்பிலையை வெட்டச் சொல்கிறீர்களா? எங்கள் வீட்டு மரம் மாமியார் வைத்தது. அதில் கை வைத்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

தோட்டப்பெரியவர்: வெட்டு என்று எங்கே எழுதினேன்? படித்துவிட்டுப் பேசுங்கள். கொழுந்தின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள் என்றுதான் அர்த்தம்.

மணி_கிள்ளான்: புளித்த மோர் ஊற்றினால் பூச்சியே வராது.

ரேணுகா_பூச்சோங்: மோர் வேருக்குத்தானே? பூச்சி இலையில் இருக்கிறது.

மணி_கிள்ளான்: நான் இலையிலும் தெளிக்கிறேன், வேரிலும் ஊற்றுகிறேன்.

புவனா_ஈப்போ: கமலா அக்கா, இவர்களை விடுங்கள். முதலில் வெளியே இருக்கும் அலங்காரத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். பலவற்றில் அடியில் ஓட்டையே இருக்காது. உள்ளே தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை இப்படித்தான் மஞ்சளாகும். அந்த நிலையில் எந்த உரம் போட்டாலும் கெடுதல்தான். ரிப்பன், கம்பி, அங்பாவ் (சிவப்பு உறை) எல்லாவற்றையும் கழற்றுங்கள், கம்பி கிளையை அறுக்கும். மீதிப் பழத்தைப் பறித்துவிட்டால் செடிக்குப் பாரம் குறையும். ஆனால் அதை ஊறுகாய் போட்டுவிடாதீர்கள், அலங்காரச் செடிக்கு என்னென்ன மருந்து அடித்தார்களோ. அழுகிய வேரை நறுக்கிவிட்டு, ஓட்டையுள்ள தொட்டியில் மணல் கலந்த மண்ணில் வையுங்கள். தண்டு மண்ணுக்குள் புதையக் கூடாது. கொஞ்ச நாள் நிழல், அப்புறம் நல்ல வெயில். புதுத் துளிர் வந்த பிறகு உரம் போடலாம்.

குமார்_செத்தாப்பாக்: அது போனாலும் கவலை வேண்டாம். சுங்கை பூலோ நர்சரிகளில் லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை மாதிரி) வாங்கி வையுங்கள். கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சும் மாண்டரின் ஆரஞ்சும் கலந்த இனம். வெயில் இருந்தால் வருடம் முழுதும் காய்க்கும், பார்க்கவும் அழகு, மீ கோரெங்கில் (வறுத்த நூடுல்ஸ்) பிழியவும் ஆகும்.

தோட்டப்பெரியவர்: படம் இல்லாமல் இத்தனை வைத்தியமா?

கமலா_செந்தூல்: தங்க நிறத் தொட்டியில் ஓட்டை இல்லை. உள்ளே அரைத் தொட்டித் தண்ணீர், நாற்றம் தாங்கவில்லை. மாற்றிவிட்டேன். நன்றி புவனா.

ரேணுகா_பூச்சோங்: மணி அண்ணே, மோர் எத்தனை நாள் புளிக்க வேண்டும்?