பொறிக்குடும்பம், பகிர்பொறி, தனிப்பொறி: கார் எஞ்சின்களுக்கான சொல் பரிந்துரை

குழுமத்தாருக்கு வணக்கம்.

தானுந்துச் சொற்பட்டியலில் 'எஞ்சின் ஃபேமிலி'க்கு (ஒரே அடிப்படை வடிவத்தில் அமைந்த எஞ்சின்களின் தொகுதி) நேரே இன்னும் வெற்றிடம்தான். ஒரே நிறுவனத்தின் கீழுள்ள பிராண்டுகளுக்குத் தனித்தனி எஞ்சின் உண்டா என்று எழுத வரும்போது 'ஒரே எஞ்சின்', 'வேறு எஞ்சின்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டுமே பொருந்தாத நிலைதான் இன்று பெரும்பான்மை.

முன்பு அப்படியில்லை. 1970களில் ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே, ஓல்ட்ஸ்மொபில், பியூயிக், பான்டியாக் நான்கும் '350' கன அங்குல வி8 (எட்டு உருளை, அதாவது சிலிண்டர், கொண்ட) எஞ்சின் விற்றன. பெயரில் கொள்ளளவு ஒன்று, எஞ்சின்கள் நான்கு. செவர்லேயில் உருளையின் துளை விட்டம் 4.00 அங்குலம், வீச்சு (பிஸ்டன் நகரும் தூரம்) 3.48. ஓல்ட்ஸ்மொபிலில் 4.057, 3.385. பியூயிக்கில் 3.80, 3.85. பான்டியாக்கில் 3.875, 3.75. ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றில் நுழையாது. 1977இல் ஓல்ட்ஸ்மொபில் டெல்டா 88 வண்டிகளில் செவர்லே 350 பொருத்தப்பட்டது தெரிந்து வழக்குகள் வந்தன. அதன்பின் விளம்பரங்களிலேயே 'எஞ்சின் வேறு பிரிவில் தயாரானதாக இருக்கலாம்' என்ற அறிவிப்பு இடம்பெற்றது.

இன்று ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 எஞ்சின் ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா, சியாட் எல்லாவற்றிலும் ஓடுகிறது. பெட்ரோலில் ஓடும் போர்ஷ மக்கானின் தொடக்க மாடலிலும் அதுதான். ஆனால் போர்ஷ 911இன் கிடைநிலை ஆறு உருளை எஞ்சின் போர்ஷவுக்கே உரியது.

என் பரிந்துரை: எஞ்சின் ஃபேமிலி – பொறிக்குடும்பம். பல பிராண்டுகளில் வருவது – பொதுப்பொறி. ஒரு பிராண்டுக்கே உரியது – தனிப்பொறி.

---

மறுமொழி

> பல பிராண்டுகளில் வருவது – பொதுப்பொறி

ஐயா, 'பொறிக்குடும்பம்' நன்று. மொழிக்குடும்பம் என்ற சொல் முன்பே பழகியிருப்பதால் பொருள் உடனே விளங்கும். 'பொதுப்பொறி'யை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். பொதுப்பயன் எஞ்சின் என்று தனி வகை இருக்கிறது; நீரேற்றி, மின்னாக்கி, புல்வெட்டி எதிலும் பொருத்த விற்பவை. அதனோடு குழம்பும். 'கூட்டுப்பொறி' என்றால் கலப்பின (ஹைப்ரிட்) வண்டி நினைவுக்கு வரும். 'பகிர்பொறி' என்று வைக்கலாம். வினைத்தொகை, பகிர்ந்ததும் பகிர்கிறதும் பகிரப்போவதும் அடங்கும். ஒற்றும் மிகாது.

'பொறி'யில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பார்க் பிளக்கைத் 'தீப்பொறிச் செருகி' என்று எழுதுகிறோம். 'பொறியின் தீப்பொறிச் செருகி' என்ற தொடரில் ஒரே சொல் இருவேறு பொருளில் வந்து மோதுகிறது. ஆகவே தனியாக நிற்கும்போது எஞ்சின் என்றே எழுதி, கூட்டுச்சொற்களில் மட்டும் 'பொறி' வரட்டும்.

பகிர்பொறியின் வரையறையில் 'ஒரே நிறுவனத்தின்' என்று சேர்க்கவே கூடாது. ரெனோவின் கே9கே 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் நிசானிலும் டாசியாவிலும் வந்தது; மெர்சிடிஸ் ஏ கிளாஸிலும் வந்தது. பிஎம்டபிள்யூவின் பி58 டொயோட்டா சுப்ராவில் வந்தது. பகிர்வு நிறுவன எல்லையோடு நிற்பதில்லை.

குடும்பத்தை எதனால் அடையாளம் காண்பது என்பதையும் எழுத வேண்டும். கொள்ளளவு உதவாது; நீங்கள் காட்டிய நான்கு 350களே சான்று. அடுத்தடுத்த உருளைகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவிலிருந்து தொடங்கலாம். வார்ப்பச்சும் கடைசல் வரிசையும் அதற்கென்றே அமைக்கப்படுவதால், நிறுவனங்கள் அதை எளிதில் மாற்றுவதில்லை. பிஎம்டபிள்யூவின் பி38, பி48, பி58 மூன்றுக்கும் அது 91 மி.மீ. மூன்று உருளை, நான்கு உருளை, ஆறு உருளை என எண்ணிக்கை மாறினாலும் குடும்பம் ஒன்று. மினி வண்டிகளில் வருபவை முதல் இரண்டும்.

---

மறுமொழி

'பகிர்பொறி'யை முழுமனதாக ஏற்கிறேன். மையத் தொலைவு பற்றி ஒரு திருத்தம்: அது தேவையான நிபந்தனை, போதுமானது அன்று. இஏ888இல் 88 மி.மீ.; பழைய இஏ827இலும் அதே 88தான். ஆனால் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க முன்னதில் நேரச் சங்கிலி (டைமிங் செயின்), பின்னதில் நேரப்பட்டை (டைமிங் பெல்ட்). உருளைத்தலையும் (சிலிண்டர் ஹெட்) எண்ணெய்வழிகளும் வேறு. எனவே மையத் தொலைவோடு உருளைக்கட்டின் (சிலிண்டர் பிளாக்) அடிப்படை வடிவமும் வால்வுகளை இயக்கும் முறையும் ஒத்திருந்தால்தான் ஒரே குடும்பம் என்று வரையறுப்போம்.

நான்காவதாக 'வகையுரு' (ஒரு குடும்பத்துள் தனிக் குறியீடு பெற்ற எஞ்சின்) வேண்டும். உதிரிபாகம் வாங்குவோர் ஏமாறும் இடமே இதுதான். ஒரே 1,984 கன செ.மீ. இஏ888 (துளை 82.5 மி.மீ., வீச்சு 92.8 மி.மீ.) ஃபோக்ஸ்வாகனின் ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயில் சிஎச்எச்பி என்ற குறியீட்டோடு 220 குதிரைத்திறன் தந்தது, கோல்ஃப் ஆர் மாடலில் சிஜேஎக்ஸ்சி என்ற குறியீட்டோடு 300. டர்போ முன்னதில் ஐஎஸ்20, பின்னதில் ஐஎஸ்38. பிராண்டு ஒன்றே, குடும்பம் ஒன்றே, வகையுரு வேறு. கோல்ஃபில் எஞ்சின் குறுக்காகவும் ஆடி ஏ4இல் நெடுக்காகவும் அமர்வதால், தாங்கிகள், எண்ணெய்த்தட்டு, உள்ளிழு குழாய், கியர்பெட்டி எதையும் அப்படியே மாற்றிப் போட முடியாது. எஞ்சினையே மாற்றுவோர் பழைய கட்டுப்பாட்டுக் கணினியை வைத்துக்கொண்டால் திருட்டுத்தடுப்புப் பூட்டுச் சிக்கல் வராது. ஆனால் டர்போவோ எரிபொருள் தெளிப்பானோ வேறானால் அதிலுள்ள எரிபொருள் அட்டவணை பொருந்தாது. எனவே பாகம் கேட்கும்போது பிராண்டும் லிட்டரும் போதா. 17 இலக்க வாகன அடையாள எண்ணும் எஞ்சின் குறியீடும் வேண்டும்.

பழுது விஷயத்தில் நேர்மாறு: அது குடும்பத்தைப் பின்தொடரும், பிராண்டைப் பார்க்காது. இஏ888இன் தொடக்கத் தலைமுறைகளில் சங்கிலி இறுக்கியின் பல்பூட்டு பிடிக்காமல் போய், சங்கிலி பல் தாண்டி, வால்வுகள் வளைந்தது பல பிராண்டுகளிலும் நடந்தது. பெஜோ, சிட்ரோயன், ஓப்பல் மூன்றும் பகிரும் 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சினின் முந்தைய தலைமுறையில் நேரப்பட்டை எண்ணெயில் நனைந்தபடி ஓடும். எண்ணெயில் பெட்ரோல் கலந்தால் பட்டை ஊதி உதிர்கிறது. துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்து அழுத்தம் குறைகிறது. எண்ணெய் ஊற்றும் வாய் வழியே அளவியை வைத்துப் பட்டையின் அகலத்தைப் பார்ப்பது இதற்காகத்தான். ஓப்பல் வைத்திருப்பவர் பெஜோவுக்கான எச்சரிக்கையையும் படிக்க வேண்டும் என்பதைப் 'பொறிக்குடும்பம்' என்ற ஒரு சொல் உணர்த்திவிடும்.

ஒரு பிராண்டின் எஞ்சின்கள் எல்லாமே 'தனிப்பொறி' என்று பொதுவாகச் சொல்லாமல், வண்டி மாடல் வாரியாகச் சொல்வோம். லம்போர்கினியில் அவென்டடோரின் வி12 தனிப்பொறி, ஊராகானின் வி10 ஆடி ஆர்8உடன் பகிர்பொறி, ஊருஸின் 4.0 லிட்டர் வி8உம் பகிர்பொறிதான்.

பட்டியலில் ஏற்ற வேண்டியவை:

பொறிக்குடும்பம்: உருளை மையத் தொலைவு, உருளைக்கட்டின் அடிப்படை வடிவம், வால்வு இயக்க முறை ஆகியவை ஒத்த எஞ்சின்களின் தொகுதி.
வகையுரு: ஒரு பொறிக்குடும்பத்துள் தனிக் குறியீடு பெற்ற எஞ்சின்.
பகிர்பொறி: ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளின் வண்டிகளில் வரும் எஞ்சின்.
தனிப்பொறி: ஒரே பிராண்டின் வண்டிகளில் மட்டும் வரும் எஞ்சின்.

உருளை மையத் தொலைவுக்குத் 'துளையிடை' என்ற சுருக்கம் போதுமா? அட்டவணைத் தலைப்பில் இடம் குறைவு.