மலருக்கு ஒரு திருத்தம்: புல்மோட்டையில் இருப்பது மங்கனீசு அல்ல

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

ஆண்டு மலருக்கான பட்டியலில் "புல்மோட்டையின் கைவிடப்பட்ட மங்கனீசுச் சுரங்கம்" என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். எழுத முன்வந்த தம்பியைக் குறை சொல்லவில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, ஊரைப் பற்றி எழுத நினைத்ததே சந்தோஷம். ஆனால் அச்சுக்குப் போக முன் திருத்திவிட வேண்டும். திருகோணமலைக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் புல்மோட்டையில் மங்கனீசும் இல்லை, சுரங்கமும் இல்லை, யாரும் அதைக் கைவிடவும் இல்லை.

மங்கனீசு பெரும்பாலும் உருக்குச் செய்யப் போகிறது. பழைய டோர்ச் பற்றரியை உடைத்தால் கையில் அப்பும் கறுப்புத் தூளில் இருப்பதும் அதன் ஒட்சைட்டுத்தான். அதுவும் கறுப்பு, புல்மோட்டை மணலும் கறுப்பு என்பதால் குழப்பம் வந்திருக்கும். புல்மோட்டைக் கரையில் கிடப்பது இல்மனைற், அதாவது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதோடு றூட்டைல், சிர்கன், கொஞ்சம் மொனசைற் என்ற வேறு பாரமான கனிமங்களும்.

இந்த மணல் எப்படி வந்தது என்பதைத்தான் மலரில் விரிவாகப் போட வேண்டும் என்பது என் விருப்பம். தீவின் உட்பகுதியில் உள்ள மிகப் பழைய பாறைகள் உக்கி உதிர்ந்து, ஆற்றோடு கடலுக்கு வந்தன. அலை அதைக் கரையில் போட்டது. சாதாரண வெள்ளை மணலை விட இல்மனைற் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பாரம். வாடைக் காற்றுக் காலத்தில் கடல் பொங்கும்போது இலேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போகும், பாரமானது அப்படியே தங்கிவிடும். கடல் அடங்கிய பிறகு போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கரையை வெட்டினால் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக இருக்கும். மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அள்ளிய இடத்தை அடுத்த வாடை கொஞ்சம் நிரப்பிக் கொடுக்கும். கிடங்கு தோண்டி உள்ளே இறங்கும் வேலையே இல்லை.

சின்ன வயதில் பழுதான றேடியோ ஸ்பீக்கரில் இருந்து காந்தத்தைக் கழற்றி இந்த மணலில் புரட்டாத பொடியன்கள் எங்கள் பக்கம் குறைவு. கொஞ்சம்தான் ஒட்டும், ஏமாற்றமாக இருக்கும். ஒட்டியது பெரும்பாலும் மக்னரைற் என்ற இரும்புக் கனிமம். இல்மனைற்றை இழுக்கப் பலமான காந்தம் வேண்டும். தொழிற்சாலையில் முதலில் தண்ணீரில் ஓடவிட்டுப் பாரமானதைப் பிரிப்பார்கள், பிறகு காந்தத்தால் இல்மனைற்றை எடுப்பார்கள். மிஞ்சும் றூட்டைலையும் சிர்கனையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. அதற்கு உயர் மின்னழுத்தம்: றூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கன் கடத்தாது. உருளையில் ஒன்று ஒட்டிக்கொள்ளும், மற்றது விலகி விழும். எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

வரலாறு சுருக்கமாக: இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் தொடங்கியது. அறுபதுகளில் புல்மோட்டையில் உற்பத்தி நடந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் றூட்டைலும் சிர்கனும் பிரிக்கத் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சீனன்குடாவில் ஒரு தொழிற்சாலை வைத்தார்கள், 1976இல் அதைப் புல்மோட்டைக்கே கொண்டுபோனார்கள். "கைவிடப்பட்ட" என்று தம்பி கேள்விப்பட்டது சீனன்குடாக் கதையாக இருக்கலாம். 1992இல் கூட்டுத்தாபனம் கம்பனியாக மாறியது. 1997 செப்டெம்பரில் இல்மனைற் ஏற்ற நின்ற 'கோர்டியாலிற்றி' என்ற கப்பலைக் கடற்புலிகள் தாக்கினார்கள், உயிர்கள் போயின. அதற்குப் பிறகு ஏற்றுமதி நீண்ட காலம் படுத்துவிட்டது. இதை மலரில் இரண்டு வரியில் நடந்ததை நடந்தபடி போட்டால் போதும். குழுவில் அதைப் பற்றி மறுபடி சண்டை வேண்டாம், போன தடவை பட்டது போதும்.

உலோகச் சுரங்கம் என்றே ஒரு பக்கம் வேண்டுமானால், மூதூருக்குத் தெற்கே சேருவிலப் பக்கம் அரிப்பில் 1971இல் கண்டுபிடித்த இரும்பு, செம்புத் தாது இருக்கிறது. துளையிட்டுப் பார்த்தார்கள், சுரங்கமாக வளரவில்லை. அதற்கு ஒரு பெட்டிச் செய்தி போதும்.

இன்னொன்று. புல்மோட்டையில் பெரும்பாலானோர் முஸ்லிம் மக்கள். தொழிற்சாலைக் கதையை நிலாவெளி, குச்சவெளி ஆக்கள் மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. அங்கே வேலை செய்த ஒருவரிடமாவது ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

சீனன்குடாவிலோ புல்மோட்டையிலோ வேலை செய்த அப்பா, மாமா, சித்தப்பா யாருக்காவது இருந்தால், அவர்களின் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், படம் சுருங்கி அச்சில் மங்கிவிடும். ஸ்கான் செய்து மின்னஞ்சலில் மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள்.