எல்.என்.ஏ. பெருக்கி மாட்டியதும் மெட்டியோர் செயற்கைக்கோள் படம் அடியோடு போய்விட்டது. போலி சரக்கா?

மூடுபனி:
கொடைக்கானலில் வீடு. மொட்டைமாடியில் நின்றால் எஃப்.எம். கோபுரம் நேரே தெரியும். மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோள் 137.9 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் மேகப் படங்களை ஆர்.டி.எல். டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்) வைத்துப் பிடிக்கிறேன். மாடியில் வி வடிவ ஆன்டெனா, அங்கிருந்து அறை வரை 20 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள். படத்தில் கோடு கோடாக விழுகிறதே என்று எஸ்.பி.எஃப். 5189 சிப் உள்ள எல்.என்.ஏ. (தன் இரைச்சலை அதிகம் சேர்க்காமல் சிக்னலைப் பெருக்கும் கருவி) ஒன்றை ஆன்லைனில் வாங்கி டாங்கிளுக்குப் பக்கத்தில் மாட்டினேன். நாய்ஸ் ஃபிகர் (அது தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 0.6 டெசிபல், கெயின் (பெருக்கும் அளவு) 20 டெசிபல் என்று போட்டிருந்தது. மாட்டியதும் இரைச்சல் மொத்தமாக மேலே ஏறிவிட்டது. 137 பக்கத்தில் சினிமாப் பாட்டு கேட்கிறது! ஒரு வரி படம்கூட வரவில்லை. இதைவிட நாய்ஸ் குறைந்ததாக வேறு வாங்க வேண்டுமா?

பூஸ்டர்காரர்:
தம்பி, வாங்காதே. சரக்கில் ஒன்றும் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நான் வத்தலக்குண்டுப் பக்கம் டிவி ஆன்டெனாவுக்கு பூஸ்டர் மாட்டியே பிழைத்தவன். நீ வைத்திருப்பதும் ஒரு பூஸ்டர்தான், கொஞ்சம் படித்த பூஸ்டர்.

கணக்கைப் பார். உனக்குக் கேட்கும் பாட்டு கொடை பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட். அதாவது +70 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபலில் எண்ணும் கணக்கு). கோபுரம் உன் வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெட்டவெளியில் இழப்பு 82 டெசிபல். உன் ஆன்டெனாவில் சுமார் -12 டி.பி.எம். வந்து இறங்குகிறது. மெட்டியோரோ சுமார் 5 வாட். 1000 கிலோமீட்டர் தள்ளிப் போகும்போது உனக்குக் கிடைப்பது -98 டி.பி.எம். நடுவில் 86 டெசிபல் வித்தியாசம். உன் டாங்கிளில் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. வெறும் 8 பிட், அதற்கு 50 டெசிபல் சமாளிப்பதே பெரிய பாடு. கோயில் திருவிழா குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றுகொண்டு ரகசியம் கேட்கிற கதை. எல்.என்.ஏ. இரண்டையும் சேர்த்தே 20 டெசிபல் தூக்கிவிட்டது. எல்.என்.ஏ. அதைத் தாங்கும், டாங்கிள் தாங்காது.

சந்தேகமிருந்தால் டாங்கிளின் கெயினை மென்பொருளில் இறக்கிப் பார். இறக்க இறக்கப் படம் தெளிந்தால் ஓவர்லோடுதான், அதாவது பலமான சிக்னல் தாங்காமல் டாங்கிள் திணறுகிறது.

அப்படியானால் எஃப்.எம். அலையை மட்டும் அமுக்கும் ஃபில்டர் வேண்டும். கடையில் எஃப்.எம். ட்ராப் என்று கிடைக்கும். கையாலும் செய்யலாம்: ஆன்டெனா லைனில் ஒரு டி கனெக்டர், அதன் மூன்றாவது வாயில் ஆர்.ஜி.58 துண்டு ஒன்று, மறுமுனை திறந்தபடி. கால் அலைநீளம் 74.6 செ.மீ., கேபிளின் வேக விகிதம் 0.66, ஆக 49 செ.மீ. முதலில் 52 வெட்டிக்கொள், பிறகு அரை அரை சென்டிமீட்டராக நறுக்கு. மென்பொருள் திரையில் 100.5இன் உச்சி திடீரென்று சரியும், அங்கே நிறுத்து. 25, 30 டெசிபல் வரை அமுங்கும். ஆனால் அதே துண்டு 137.9இல் 2 டெசிபல் தின்றுவிடும். டி சந்திப்பில் குறுக்கே 33 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை, கால்களைக் குட்டையாக வெட்டி, பற்றவைத்தால் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

இந்த ட்ராப் எல்.என்.ஏ.வுக்கு முன்னால் வர வேண்டும்.

மூடுபனி:
நன்றி அண்ணா. ஆனால் எல்.என்.ஏ.வுக்கு முன்னால் எதையும் வைக்கக்கூடாது, ஃபில்டரின் இழப்பு அப்படியே நாய்ஸ் ஃபிகரில் சேரும் என்று காலேஜில் ஃப்ரீஸ் சூத்திரத்தில் (அடுத்தடுத்த கருவிகளின் இரைச்சலைக் கூட்டும் கணக்கு) படித்தோமே?

பூஸ்டர்காரர்:
சூத்திரம் சரிதான். ஆனால் அது ரிசீவரை மட்டும் பார்க்கிறது, வானத்தை விட்டுவிட்டது. இரைச்சலை வெப்பநிலையாகவும் அளப்பார்கள். அப்படிப் பார்த்தால் 137இல் பால்வீதியின் இரைச்சலே சில நூறு கெல்வின். அதற்கு மேல் ஊரில் இருக்கிற எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர் எல்லாம் சேரும். 0.6 டெசிபல் என்பது 43 கெல்வின், 1 டெசிபல் என்பது 75. இந்தக் கூட்டத்தில் அந்த வித்தியாசத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? இங்கே நாய்ஸ் ஃபிகரைவிட பலமான சிக்னலைத் தாங்கும் தெம்புதான் முக்கியம். 1.7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே வானம் அமைதி, ஒவ்வொரு கால் டெசிபலும் காசு.

அந்தச் சூத்திரத்தை உன் கேபிளுக்குப் போட்டுப் பார். 20 மீட்டர் ஆர்.ஜி.58 இந்த அலைவரிசையில் 4 டெசிபல் தின்கிறது. எல்.என்.ஏ.வைக் கீழே அறையில் வைத்தால் அந்த நாலும் நாய்ஸ் ஃபிகரில் ஏறும். மேலே மாடியில் ஆன்டெனாவை ஒட்டி வைத்தால் அநேகமாகக் காணாமல் போகும்.

மஞ்சூர்க்காரன்:
மேலே வைப்பதற்கு எங்கள் நீலகிரியிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. ஊட்டி முத்தோரையில் 1970இல் வந்த ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 326.5 மெகாஹெர்ட்ஸ். மலைச்சரிவே அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருப்பதால் அங்கே கட்டினார்கள். அதில் 1056 டைபோல்கள், அதாவது இரு கைக் கம்பி ஆன்டெனாக்கள். 1990களில் புது ஃபீட் (அந்த டைபோல்கள் உள்ள, சிக்னலை வாங்கும் பகுதி) போட்டபோது, சிக்னல்களை ஒன்று சேர்த்த பிறகு பெருக்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு டைபோலின் பின்னாலும் தனித்தனியே ஒரு எல்.என்.ஏ. வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேல்! செலவு பார்த்திருந்தால் செய்திருப்பார்களா?

மூடுபனி, ஒன்று கேட்கிறேன்: காலேஜ் புராஜெக்டுக்குச் சொந்தமாக டிசைன் செய்யும் யோசனை உண்டா? இருந்தால் முதல் டிரான்சிஸ்டரை கேபிளின் 50 ஓம் இம்பீடன்ஸுக்கு (மாறும் மின்னோட்டத்துக்கான தடை) மேட்ச் செய்யாதீர்கள். நாய்ஸ் மிகக் குறையும் இம்பீடன்ஸ் வேறு, பவர் முழுதாக ஏறும் இம்பீடன்ஸ் வேறு. டிரான்சிஸ்டரின் சோர்ஸ் காலில் சின்ன இண்டக்டர் (கம்பிச் சுருள்) போட்டால் இரண்டும் பக்கத்தில் வரும். ஆனால் அது கூடிப்போனால் மேல் அலைவரிசையில் தானே ஊளையிட ஆரம்பிக்கும்.

பூஸ்டர்காரர்:
ஆமாம். தம்பி, மாடியில் வைத்தால் எல்.என்.ஏ.வுக்கான பவரும் அதே ஆன்டெனா கேபிள் வழியாகவே போக வேண்டும். டாங்கிளில் பயஸ் டீ (சிக்னல் கேபிளிலேயே பவர் அனுப்பும் வசதி) இருக்கிறதா, எல்.என்.ஏ. போர்டு அதை ஏற்குமா என்று முதலில் பார். கனெக்டர்கள் எல்லாவற்றையும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்று. மழையைவிட நம்ம ஊர் மூடுபனிதான் கேபிளுக்குள் இறங்கும். சித்திரை இடிக்குக் கேபிளைக் கழற்றி வைத்துவிடு.